நான்காம் நம்பர் மெஷினின் நிறுத்தப் பதிவேடு

மந்தணம்

அனுப்புநர்:
மூ. சித்ராதேவி, எம்.எஸ்சி., எம்.ஃபில்.,
முழுநேர முனைவர் பட்ட ஆய்வாளர் (நான்காம் ஆண்டு),
உயிர்இயற்பியல் ஆராய்ச்சி மையம்,
அவிநாசி சாலை, திருப்பூர்.

பெறுநர்:
உயர்திரு பதிவாளர் அவர்கள்,
பல்கலைக்கழகத் தலைமை வளாகம்.

பொருள்: ஆய்வாளர் செல்வி மோனிஷா மீது நான் கொடுத்த புகார் – விசாரணைக்காக நிட்டிங் கம்பெனியின் மெஷின் நிறுத்தப் பதிவேட்டை வரவழைக்கும் முடிவைக் கைவிடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. எனது புகார் மனு, நாள் 24.08.2009.
2. விசாரணைக் குழுவின் நேரடி ஆய்வு, நாள் 09.09.2009.
3. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 11.09.2009.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. மூன்று வாரங்களுக்கு முன்பு, என்னுடன் ஆய்வு செய்யும் செல்வி மோனிஷா மீது ஒன்பது பக்கப் புகார் மனுவைத் தங்கள் அலுவலகத்தில் கொடுத்தவள் நான்தான். எங்கள் மையத்தை ஒட்டியுள்ள நிட்டிங் கம்பெனியின் மெஷின் நிறுத்தப் பதிவேட்டை வரவழைத்துப் பார்த்தால் உண்மை வெளிவரும் என்று அந்த மனுவின் ஆறாவது பத்தியில் கோரியவளும் நான்தான். அதை ஏற்று, வரும் 18ஆம் தேதி பதிவேட்டுடன் நேரில் வரும்படி கம்பெனி உரிமையாளருக்குக் கடிதம் அனுப்பவிருப்பதாகத் தாங்கள் தெரிவித்துள்ளீர்கள். அந்தக் கடிதம் போக வேண்டாம் என்று கேட்கவே இந்த இரண்டாவது மனு. கேட்டவளே வேண்டாம் என்கிறாளே, இவளுக்கு வேறு வேலை இல்லையா என்று தங்களுக்குக் கோபம் வந்தால் அது நியாயமே.

2. காரணம் சொல்லாமல் கேட்டால் தாங்கள் ஏற்க முடியாது. வேறு வேறு காரணங்கள் சொல்லி இரண்டு மனுக்கள் எழுதிப் பார்த்தேன். இரண்டும் என் முதல் மனுவைப் போலவே இருந்தன, கிழித்துவிட்டேன். முதல் மனுவில் 'கல்வி நேர்மை' என்று நான்கு இடங்களிலும், 'பொதுநலன்' என்று இரண்டு இடங்களிலும், 'மனசாட்சி' என்று ஓரிடத்திலும் எழுதியிருந்தேன். அந்த ஏழு இடங்களிலும் தாங்கள் பொறாமை என்று படித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

3. என் தந்தையார் பெயர் மூக்கையா. திருச்சுழிப் பக்கம் சொந்த ஊர். எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது பிழைப்புக்காகத் திருப்பூர் வந்தோம். தாயார் செல்லத்தாய் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்கிறார். தந்தையார் திரு. கிட்டுசாமி அவர்களின் நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். அந்தக் கம்பெனியும் எங்கள் ஆராய்ச்சி மையமும் ஒரே சுவரின் இரு பக்கங்கள். எனக்கு இங்கே இடம் கிடைத்தபோது, இடம் கிடைத்ததைவிடச் சுவர் ஒன்றாக இருந்ததுதான் என் தந்தையாருக்குப் பெரிதாகத் தெரிந்தது. அவர் நிற்பது நான்காம் நம்பர் மெஷினில். நூற்றுக்கணக்கான ஊசிகளால் நூலைத் துணியாகப் பின்னும் ஆளுயர வட்ட மெஷின் அது. பொதுச்சுவரை ஒட்டி நிற்கிறது. அது ஓடினால் எங்கள் பக்கத்தில் சுவர், தரை, மேசை, மேசைமேல் இருக்கும் தண்ணீர் டம்ளர் எல்லாம் நடுங்கும்.

4. தாங்கள் வணிகவியல் துறையிலிருந்து வந்தவர் என்று அறிவேன். ஆகவே ஆய்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லையும் மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் மிகச் சிறிய வாசல்கள் உண்டு. வலி, சூடு, குளிர் ஆகியவற்றை உணரும் நரம்புச் செல்களில், அந்தந்த உணர்ச்சிக்கென்று தனித்தனி வாசல் இருக்கிறது. சூடு பட்டால் ஒரு வாசல் திறக்கும், உப்பு அயனிகள் உள்ளே பாயும், அந்தச் சிறு மின்னோட்டம்தான் 'சுடுகிறது' என்ற செய்தி. மனிதருக்குச் சூட்டைச் சொல்லும் வாசலே மிளகாயின் காரத்துக்கும் திறக்கும். கோழிக்கு அப்படியில்லை, அதற்குக் காரம் தெரியாது, சூடு மட்டும் தெரியும். எத்தனை டிகிரியில் அந்த வாசல் திறக்கிறது, எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது, மறுபடி சுட்டால் என்ன ஆகிறது என்பதே எங்கள் ஆய்வு. பல்லடத்துக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து முட்டை வாங்கி, கருவிலிருந்து நரம்புச் செல்லைப் பிரித்தெடுத்துப் பார்க்கிறோம்.

5. பார்ப்பது என்றால் கண்ணால் அல்ல. தலைமுடியைவிடப் பல மடங்கு மெலிந்த கண்ணாடி ஊசியின் முனையைச் செல்லின் சவ்வில் வைத்து, மெல்ல உறிஞ்சி, ஒட்ட வைக்க வேண்டும். ஒட்டிவிட்டால் வாசலின் மின்னோட்டம் திரையில் கோடாக ஓடும். மேசை இம்மி அசைந்தாலும் ஒட்டு விட்டுப்போகும். டியூப் லைட்டும் மின்விசிறியும் ஓடினால் அவற்றின் மின் இரைச்சல் கோட்டைக் கெடுக்கும், அவற்றை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டும். மின்வெட்டில் மெஷின் நிற்குமே என்றால், எங்கள் கருவியும் சேர்ந்துதான் நிற்கிறது. எனக்கு முதல் நல்ல ஒட்டுக் கிடைக்கப் பதினோரு மாதங்கள் ஆயின. அன்று என் தாயார் தெருவுக்கே கேசரி கொடுத்தார்.

6. செல்வி மோனிஷா 2007 ஜூலையில் சேர்ந்தார். அவருக்கு மூன்றாவது வாரத்திலேயே ஒட்டுக் கிடைத்தது. ஐயா, அன்றுதான் ஆரம்பித்தது.

7. கணியூரில் தென்னந்தோப்பு, திருப்பூரில் கம்பெனிகள் என்றிருக்கும் குடும்பம் அவருடையது. நிட்டிங் கம்பெனி உரிமையாளர் திரு. கிட்டுசாமி அவருடைய தாய்மாமன். ஸ்கூட்டியில் வருவார், நான் பஸ்ஸில் வருவேன். அது பரவாயில்லை. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் முனைவர் அனுசுயா அவர்கள் அவரைக் 'கண்ணு' என்று கூப்பிடுவார்கள். நான்கு ஆண்டுகளாக எனக்குச் 'சித்ராதேவி' என்ற முழுப்பெயர்தான். அதுகூடப் பரவாயில்லை. மோனிஷா என்னைச் 'சித்ராக்கா' என்று அழைத்து, அவர் வீட்டு அரிசிம்பருப்புச் சாதத்தில் எனக்கும் பங்கு வைத்துக் கூப்பிடுவார். சாப்பிட்டாயிற்று என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்து என் டப்பாவைத் திறப்பேன். அவரிடம் குறை கண்டுபிடிக்க நான் எடுத்த முயற்சியை ஆய்வில் எடுத்திருந்தால் இந்நேரம் பட்டம் வாங்கியிருப்பேன்.

8. மையத்தில் மைக்ராஸ்கோப் இரண்டு இருந்தாலும், மின்னோட்டத்தை அளக்கும் ஆம்ப்ளிஃபையர் ஒன்றே ஒன்றுதான். ஆகவே திங்கள், புதன், வெள்ளி எனக்கு; செவ்வாய், வியாழன், சனி அவருக்கு. அறைகளைப் பிரிக்கும்போது மூத்தவள் என்ற உரிமையில் முன்னறையை நான் எடுத்துக்கொண்டேன். அதில் சன்னல் உண்டு. அந்தச் சன்னலுக்கு நேரே கம்பெனியின் பக்கவாட்டுக் கதவு. அதிர்வு தாங்குவதற்கென்று காற்றில் மிதக்கும் வெளிநாட்டு மேசையும் அந்த அறையில்தான். அதன் காற்றுக் கருவி பழுதாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. பழுது நீக்கக் கோரி நான் எழுதிய ஆறு கடிதங்கள் தங்கள் அலுவலகத்தில் இருக்கும். அது வேறு மனு. மோனிஷாவுக்குச் சன்னல் இல்லாத ஸ்டோர் ரூமும் ஒரு பழைய மர மேசையும் கிடைத்தன. ஆம்ப்ளிஃபையரை அவரே தூக்கிக்கொண்டு போவார், அவரே கொண்டுவந்து வைப்பார். நான் இரண்டு ஆண்டுகளாக அந்த ஸ்டோர் ரூமுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. அவருடைய நாட்களில் தலைமை வளாக நூலகத்துக்குப் போய்விடுவேன். படிக்கத்தான் போனேன் என்று முதல் மனுவில் எழுதியிருந்தேன். அவருக்குப் பதிவு கிடைத்து, பேராசிரியர் கைதட்டும் சத்தம் என் காதில் விழக்கூடாது என்றுதான் போனேன்.

9. இந்த ஆண்டு பிப்ரவரி வரை அவருக்கும் ஒட்டு உடைந்துகொண்டுதான் இருந்தது. அதில் எனக்கொரு நிம்மதி இருந்தது. எனக்கோ 2008 தொடக்கத்திலிருந்தே அவ்வப்போது நல்ல பதிவு கிடைத்து வந்தது. நான் உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அப்பால் மெஷின் தானாக நிற்கும். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம், ஒருமுறை இருபத்திரண்டு நிமிடம். நோட்டில் 'சுவர் அமைதி' என்று குறித்துக்கொள்வேன். எனக்கு ராசி இருக்கிறது என்று நினைத்தேன். மோனிஷாவுக்கு எல்லாம் இருந்தும் ராசி இல்லை என்று என் தாயாரிடம் சொன்னதும் உண்டு. தாயார் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

10. மார்ச் முதல் மோனிஷாவுக்கு நாற்பது நிமிடப் பதிவுகள் வரத் தொடங்கின. கோடு கண்ணாடி மாதிரி சுத்தம். ஜூலையில், ஜெர்மனியில் உள்ள ஓர் ஆய்வகத்தில் ஆறு மாதப் பயிற்சிக்கு எங்கள் மையத்துக்கு ஓர் இடம் வந்தது. ஒரே ஓர் இடம். பதிவுகளின் தரத்தை வைத்து அது மோனிஷாவுக்கு என்று பேராசிரியர் முடிவு செய்தார்கள். அந்த ஆய்வகம்தான் என் ஆய்வேட்டின் பாதி மேற்கோள்களுக்குச் சொந்தம். அந்த ஊரின் பெயரை நான் நான்கு ஆண்டுகளாக நோட்டு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன். மோனிஷாவுக்கு அதன் பெயரைச் சரியாக உச்சரிக்கவும் தெரியாது, நான்தான் திருத்தினேன்.

11. இங்கேதான் என் மூளை வேலை செய்தது. மெஷின் ஓடும்போது பதிவு கிடைக்காது என்பது எனக்குக் கைகண்ட உண்மை. அவருக்கு நாற்பது நிமிடம் கிடைக்கிறது. ஆகவே நாற்பது நிமிடம் மெஷின் நிற்கிறது. நிறுத்துவது யார்? மாமன். இதற்கு ஒத்தாசையாகப் பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை மாலை, திரு. கிட்டுசாமியின் ஆம்னி வேன் எங்கள் பின்வாசலில் நின்று மூன்று பெரிய மூட்டைகளை இறக்கியதையும் நான் கண்ணால் பார்த்திருந்தேன். திருப்பூரில் ஓர் அதிகாரிக்கு யாராவது மூட்டை இறக்கினால் அதற்குள் என்ன இருக்கும் என்று யாரும் அவிழ்த்துப் பார்ப்பதில்லை: எக்ஸ்போர்ட் மிச்ச பனியன். எனவே முதல் மனுவில் மூன்று குற்றச்சாட்டுகள் வைத்தேன். ஒன்று, உறவைப் பயன்படுத்தி மெஷினை நிறுத்தவைத்துப் பதிவு எடுத்தார். இரண்டு, பேராசிரியருக்கு மூன்று மூட்டை பனியன் கொடுக்கப்பட்டது. மூன்று, அதற்குப் பிரதியாக ஜெர்மனி இடம். மெஷினை நிறுத்தவைத்துப் பதிவு எடுத்த எவரும் அந்த இடத்துக்குத் தகுதி இழக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தேன். அந்த வரியை எழுதி முடித்தபோது எனக்கு இருந்த திருப்தியைத் தங்களுக்குச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

12. கடந்த புதன்கிழமை மூவர் கொண்ட விசாரணைக் குழு நேரில் வந்தது. முதலில் ஸ்டோர் ரூம். குழுவின் பின்னால் நானும் உள்ளே போக வேண்டியதாயிற்று. மர மேசை அங்கே இல்லை. தரையில் ஒரு கடப்பா கல். அதன்மேல் மூட்டை பிரித்து மெத்தை போல் அடுக்கிய கட்டிங் வேஸ்ட், அதாவது பனியன் வெட்டியபின் மிஞ்சும் துணித்துண்டுகள். அதன்மேல் அரைக் காற்று அடித்த ஆறு ஸ்கூட்டர் டியூப்கள். அவற்றின்மேல் இன்னொரு கடப்பா கல், அதில் மைக்ராஸ்கோப். பிப்ரவரியில் இறங்கிய மூன்று மூட்டைகள் எங்கே போயின என்பது எனக்கு அப்போது தெரிந்தது. சுவருக்கு அப்பால் நான்காம் நம்பர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மோனிஷா உட்கார்ந்தார், இரண்டாவது ஊசியில் ஒட்டுக் கிடைத்தது, நாற்பத்து நான்கு டிகிரியில் வாசல் திறந்தது, இருபத்தாறு நிமிடம் கோடு அசையவில்லை. மெஷின் ஒரு நொடியும் நிற்கவில்லை.

13. இதை எங்கே கற்றீர்கள் என்று குழுத் தலைவர் அவரைக் கேட்டார். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சித்ராக்காவோட அப்பாதானுங்க சொல்லிக் குடுத்தாரு. மெஷின் கால்ல ஆட்டம் இருந்தா ரப்பருக்கு மேல வேஸ்ட்டுத் துணியத் திணிப்பாங்களாமா. அக்காகிட்டயும் சொல்லிருப்பாருன்னு நெனச்சனுங்க."

14. என் தந்தையார் சொல்லத்தான் வந்தார் ஐயா. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது, முதலாளியின் அக்கா மகள் ஷெட்டுக்கு வந்து மெஷினுக்கு அடியில் குனிந்து உட்கார்ந்து, காலுக்குக் கீழே எதற்கு ரப்பர், அதற்குமேல் எதற்குத் துணி என்று கேட்டதாகச் சொல்ல ஆரம்பித்தார். கெட்டிக்காரப் பிள்ளை என்றார். நான் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டேன். அதன்பிறகு அவர் அந்தப் பெயரை வீட்டில் எடுக்கவில்லை. இருபது வருடமாக நடுங்கும் மெஷின்களோடு நிற்கும் மனிதரிடம் நடுக்கத்தை எப்படி அடக்குவது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. என் மேசை வெளிநாட்டு மேசை, காற்றில் மிதக்கும் என்று நான்தான் அவரிடம் பெருமை பேசியிருந்தேன். பழுதானதைச் சொல்லவில்லை.

15. அடுத்து என் முறை. ஆம்ப்ளிஃபையரை மோனிஷா தூக்கிக்கொண்டு வர, எல்லோரும் முன்னறைக்கு வந்தோம். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கம்போல் டியூப் லைட்டையும் மின்விசிறியையும் அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மூன்று ஊசிகள் உடைந்தன. கை நடுங்கியது என்று குழுவினர் நினைத்திருக்கலாம், மேசைதான் நடுங்கியது. நான்காவது ஊசியை எடுத்தேன். சுவரின் நடுக்கம் நின்றது. நான் உட்கார்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அந்த ஊசியில் ஒட்டுக் கிடைத்தது, பதினெட்டு நிமிடம் பதிவானது. தற்செயலாக மெஷின் நின்றதில் எனக்கு நல்ல நேரம் என்று குழு உறுப்பினர் ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

16. இருட்டில் உட்கார்ந்தபடி நான் அந்தச் சன்னலைப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக, உள்ளேயிருந்து வெளியே பார்த்தேன். கம்பெனியின் பக்கவாட்டுக் கதவு திறந்திருந்தது. கதவோரம் என் தந்தையார் நின்றிருந்தார். கையில் மெஷின் ஊசி டப்பா இருந்தது. இந்தப் பக்கம் லைட் எரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

17. அதே நேரம் மோனிஷாவும் பார்த்தார். சன்னலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருந்தால் குழு அங்கேயே என் மனுவைக் கிழித்து என் கையில் கொடுத்திருக்கும். அவர்மேல் நான் சுமத்திய குற்றத்தை என் வீட்டார்தான் செய்கிறார்கள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் அவர் குனிந்து என் உடைந்த ஊசிகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டார். உண்மையைச் சொல்கிறேன் ஐயா, எனக்கு அப்போது நன்றி வரவில்லை. இந்தப் பெருந்தன்மையும் இவருக்குத்தான் வாய்க்க வேண்டுமா என்று எரிந்தது.

18. வீட்டுக்குப் போய்த் தந்தையாரிடம் நான் எதுவும் கேட்கவில்லை. தாயாரிடம் கேட்டேன். அவர் உளுந்து களைந்துகொண்டே, தெரியாதது போல் இருக்கப் பார்த்தார். விடாமல் கேட்டபின் சொன்னார்: "ஒன் ரூம்புல லைட்டு அணைஞ்சா நீ செல்லு புடிக்க ஒக்காந்துட்டன்னு அர்த்தமாம். ஒங்கப்பா ரெண்டு வருசமா அந்தச் சன்னலையே பாத்துக்கிட்டுத்தான் நிக்கிறாரு."

19. மெஷினை நிறுத்தினால் பதிவேட்டில் காரணம் எழுத வேண்டும். அவர் 'ஊசி உடைப்பு' என்று எழுதுவாராம். எப்போதோ உடைந்த ஊசிகளை ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருக்கிறாராம். சூப்பர்வைசர் கேட்டால் அதிலிருந்து ஒன்றைக் காட்டுவாராம். நல்ல ஊசியை உடைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று தாயார் சொன்னார். இது எனக்குத் தெரிந்தால் நான் சத்தம் போடுவேன் என்பதால் என்னிடம் சொல்லக்கூடாது என்று கட்டளையாம்.

20. நான் என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். 'சுவர் அமைதி' என்று என் கையெழுத்தில் முப்பத்தொரு இடங்கள். புதன்கிழமையையும் குறித்துச் சேர்த்தேன், முப்பத்திரண்டு. அத்தனையும் திங்கள், புதன், வெள்ளி. பதிவேட்டைத் தாங்கள் விரித்தால் அதே முப்பத்திரண்டு நாட்களில் 'ஊசி உடைப்பு, ஆபரேட்டர் மூக்கையா' என்று இருக்கும். செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் மோனிஷாவுக்காக ஒரு நிறுத்தமும் இருக்காது. பதிவேட்டைப் பார்த்தால் உண்மை வெளிவரும் என்று நான் எழுதியது சரிதான்.

21. அந்த உண்மை வெளிவந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உடையாத ஊசியை உடைந்தது என்று எழுதிய ஆபரேட்டரை எந்த முதலாளியும் வைத்துக்கொள்ள மாட்டார். ஒரு கம்பெனியில் அப்படிப் பெயர் கெட்டால், அடுத்த கம்பெனிக்கு வேலை கேட்டுப் போகுமுன் அந்தப் பெயர் அங்கே போய்ச் சேர்ந்துவிடும். அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. அவர் செய்தது முதலாளிக்கு நட்டம்தான், நியாயம் என்று நான் வாதாடவில்லை. திரு. கிட்டுசாமியிடம் அதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் என் தந்தையாரே சொல்லட்டும், அல்லது நான் கூடப் போய் நின்று சொல்கிறேன். மகள் கொடுத்த புகாரின் பேரில், பல்கலைக்கழக முத்திரையிட்ட கடிதம் வந்து சொல்ல வேண்டாம்.

22. மேலே கண்ட காரணங்களால் தாங்கள் கருணைகூர்ந்து,

(அ) 18ஆம் தேதி விசாரணைக்காகத் திரு. கிட்டுசாமிக்கு அனுப்பவுள்ள கடிதத்தை நிறுத்தவும், பதிவேட்டை வரவழைக்காமல் இருக்கவும்;

(ஆ) செல்வி மோனிஷா மீதும் பேராசிரியர் அவர்கள் மீதும் நான் கூறிய மூன்றும் பொய் என்று கோப்பில் எழுதவும் ஆணையிட வேண்டுகிறேன். 'புகார்தாரர் திரும்பப் பெற்றார்' என்று மட்டும் எழுதினால் ஏதோ சமாதானம் நடந்தது போல் இருக்கும். பொய் என்றே எழுதச் சொல்லுங்கள்;

(இ) மெஷினை நிறுத்தவைத்துப் பதிவு எடுத்தவர் ஜெர்மனி இடத்துக்குத் தகுதி இழக்க வேண்டும் என்ற என் கோரிக்கை அப்படியே இருக்கட்டும். பெயரை மட்டும் மாற்றி, மூ. சித்ராதேவி என்று எழுதிக்கொள்ளவும்;

(ஈ) என் முப்பத்திரண்டு பதிவுகளையும் ஆய்வேட்டிலிருந்து நீக்காமல் இருக்கவும். அவை பொய்யல்ல. மெஷின் எப்படி நின்றிருந்தாலும் செல் சொன்னது உண்மை. ஆய்வேட்டின் நன்றியுரையில் இதுவரை பேராசிரியர், பல்கலைக்கழகம், உதவித்தொகை என்று மூன்று பெயர்கள் இருந்தன. மோனிஷா அவருடைய கட்டுரையின் நன்றியுரையில் என் தந்தையாரின் பெயரை மார்ச்சிலேயே எழுதிவிட்டார் என்று நேற்றுத்தான் பார்த்தேன். அதிலும் அவரே முந்திவிட்டார்;

(உ) பதில் கடிதத்தை மேற்கண்ட மைய முகவரிக்கு மட்டும் அனுப்பவும் வேண்டுகிறேன். வீட்டு முகவரிக்கு வந்தால் தபால்காரரிடம் வாங்குபவர் என் தந்தையார்தான். அரசு முத்திரை போட்ட எந்தக் கடிதம் வந்தாலும் எனக்கு நல்ல செய்தி என்று நினைத்துத் தெரு முழுக்கக் காட்டிவிடுவார்.

23. இதை நான் மனம் மகிழ்ந்து எழுதுகிறேன் என்று தாங்கள் நினைக்க வேண்டாம். மோனிஷா விமானம் ஏறும் நாளில் எனக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனால் ஒன்றை மட்டும் இந்த நான்கு நாட்களாக எண்ணிப் பார்க்கிறேன். மெஷின் முதலாளி மோனிஷாவுக்கு மாமன். அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை. அந்த மெஷினில் கூலிக்கு நிற்பவர் எனக்கு அப்பா. முப்பத்திரண்டு முறை நிறுத்தினார். இரண்டு ஆண்டுகளாக நான் பொறாமைப்பட்டது யாரைப் பார்த்து என்று எனக்கே விளங்கவில்லை.

24. இன்று திங்கட்கிழமை. ஆம்ப்ளிஃபையர் என் முறை. செல்கள் தயாராக இருக்கின்றன. இந்த வாரத்துக்குள் பதிவு எடுக்காவிட்டால் அவை வீணாகும். மோனிஷா ஸ்டோர் ரூமைத் திறந்து வைத்துவிட்டு, அங்கே உட்காரும்படி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். போகத்தான் வேண்டும், போகிறேன். அதுவரை முன்னறையிலேயே அமர்ந்து இந்த மனுவை எழுதுகிறேன். லைட்டை அணைக்கவில்லை. மின்விசிறியும் ஓடுகிறது. சுவருக்கு அப்பால் நான்காம் நம்பர் மெஷின் காலை எட்டு மணியிலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அது அப்படியே ஓட வேண்டும் என்பதே என் ஒரே வேண்டுகோள்.

இடம்: திருப்பூர்
நாள்: 14.09.2009

தங்கள் ஆணையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
மூ. சித்ராதேவி
த/பெ. மூக்கையா, நிட்டிங் ஆபரேட்டர்

இணைப்பு:
1. எனது முதல் மனுவின் நகல் – 9 பக்கங்கள்.
2. ஆய்வு நோட்டில் 'சுவர் அமைதி' எனக் குறித்த பக்கங்களின் நகல் – 32. பார்த்தபின் திருப்பித் தர வேண்டுகிறேன்.